இரும்பு மூடிக்கு அடியில்

போன வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு கிழட்டு டார்ப்பிடோப் படகைச் சுட்டு மூழ்கடித்தார்கள். சுட்டது எதிரி இல்லை. நம்முடைய கப்பல்கள்தான். கொதிகலனைப் பிடுங்கி எடுத்துவிட்டு, வயிற்றில் காலிப் பீப்பாய்களை அடைத்து, நீளக் கயிற்றில் கட்டி இழுத்துப் போனார்கள். பீரங்கிக்காரர்கள் குறி பார்த்துப் பழக வேண்டுமே, அதற்காக. பதினோராவது குண்டில் படகு சாய்ந்தது. மூக்கு மட்டும் வெகுநேரம் தண்ணீருக்கு மேலே நின்றது. அந்தப் படகில் ஆறு வருஷம் கரி அள்ளிப் போட்டவன் ஒருவன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றினான்.

அவன் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தவர் யெர்மில் கார்ப்போவிச் லுஸ்கின். கூட்டாளிகள் அப்பா பேரைச் சுருக்கி 'கார்ப்பிச்' என்று கூப்பிடுவார்கள். சோம்கா என்ற படகின் உலைக்காரர்களுக்குத் தலைவர். இந்த வருஷம் அந்தப் பீரங்கிக்காரர்களுக்குக் கொடுக்க இன்னொரு படகு தேவைப்பட்டது. பட்டியலில் சோம்காவின் பேர் இருந்தது.

பேர் என்று சொன்னது தப்பு, எண் இருந்தது. வசந்த காலத்திலேயே தலைமையகம் சின்னப் படகுகளின் பேர்களையெல்லாம் எடுத்துவிட்டு எண் கொடுத்துவிட்டது. பின்பக்கத்தில் இருந்த பித்தளை எழுத்துகளை ஒருவன் வந்து கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு போனான். சோம்கா என்றால் முக்குளிப்பான். குளத்தில் தலையைக் குத்தி முங்கி, எதிர்பாராத இடத்தில் எழும்புமே, அந்தப் பறவை. படகும் அப்படித்தான். ஒல்லியான உடம்பு, ஏறிய அலை வழிந்து ஓடும்படி ஆமை ஓடுபோல வளைந்த முதுகு, மூக்கில் இரண்டு டார்ப்பிடோக் குழல்கள். அலையில் முழுகி முழுகி எழுந்துதான் ஓடும். பதினாறு பேருக்கு மேல் இடமில்லை. காகிதத்தில் எண் இருந்தாலும் அந்தப் பதினாறு பேர் வாயிலும் சோம்காதான்.

நடுவே ஒரே ஒரு கொதிகலன். ஒன்பது வருஷமாக அது லுஸ்கின் கையில் இருந்தது. கிரான்ஸ்டாட்டில் இருக்கிற அவர் மனைவி உஸ்தீனியா, "நான் இவருக்கு இரண்டாவது பெண்டாட்டி, மூத்தவள் துறைமுகத்தில் நிற்கிறாள்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவர் லீவில் வீட்டுக்கு வந்தால் கையிலும் கழுத்திலும் உள்ள தீப்புண்ணுக்கு வாத்துக் கொழுப்பைத் தடவிவிட்டபடி, "மூத்தவள் நல்லாத்தான் கொஞ்சி அனுப்பியிருக்கா" என்பாள்.

சோம்கா பிழைக்க ஒரே வழி இருந்தது. ஜூலை மாதப் பார்வையிடலில் அட்மிரல் எதிரே ஒரு கடல் மைலை மூன்று நிமிஷம் முப்பத்தொரு விநாடிக்குள் ஓடிக் காட்ட வேண்டும். ஓடினால் அணியில் இருக்கலாம். ஒரு விநாடி கூடினாலும் கொதிகலனைப் பிடுங்கிவிடுவார்கள். அப்புறம் பீப்பாயும் கயிறும்தான்.

புதுசில் அவள் இதைவிட வேகமாக ஓடியவள். ஆனால் கொதிகலனுக்குள்ளே போகும் நெருப்புக் குழாய்களில் இருபத்திரண்டு ஓட்டையாகி, ஆப்பு அடித்து அடைத்தாயிற்று. இன்னும் நாலு கசிந்துகொண்டிருந்தன. அந்த நாலைப் பற்றி லுஸ்கின் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பார்வையிடல் நாள் காலை. திரான்சுண்ட் தீவுகளுக்கு நடுவே கடல் எண்ணெய் தடவினாற்போல் கிடந்தது. லுஸ்கினும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் உலையறையில் குந்தி உட்கார்ந்து கரி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பழைய படகு என்று கிடங்கில் தூளும் தூசியுமாக வாரிக் கொடுத்திருந்தார்கள். அதில் கைப்பிடி அளவு கட்டிகளாகப் பொறுக்கி, ஈரத்துணியால் துடைத்து அடுக்கினார்கள். ஆணி செய்யும் கொல்லர்களுக்குப் பேர்போன பிஸ்கோவ் பக்கத்துத் தெமீத் சும்மா இருந்தால் நாக்கு துருப்பிடித்துவிடும் என்று நினைப்பவன். காஸ்த்ரமாக்காரன் ஃபோமா நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

"கார்ப்பிச் அண்ணே, எங்க ஊர்ல கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு பாத்துப் பாத்து முட்டை பொறுக்க மாட்டாங்க" என்றான் தெமீத்.

"உங்க ஊர்ல ஆணி அடிக்கத்தான் தெரியும். முட்டை எங்கேருந்து வந்துச்சு?"

"சரி, அதை விடுங்க. பதினோரு மணிக்கு விசில் ஊதுவான். கிண்ணம் வோட்கா..."

"இன்னைக்கு இல்ல."

தெமீத் கையிலிருந்த கரியைக் கீழே வைத்தான். "இல்லன்னா?"

"மூணு பேர் பங்கையும் பாட்டில்ல ஊத்தி வச்சாச்சு. ஓட்டம் முடிஞ்சப்புறம் குடி."

"ஐயோ ஃபோமா, கேட்டியா அநியாயத்தை! ராஜா குடுக்கிற சாராயத்தை இந்த மனுஷன் புடுங்கிட்டாரே!"

ஃபோமா ஒரு கரிக்கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லதுதான்" என்றான். அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை அது.

அப்போதுதான் லுஸ்கினை மேலே கூப்பிட்டார்கள். படகின் தளபதி லெப்டினன்ட் வெனியூகோவ் கையில் காகிதத்துடன் நின்றார். அவர் பக்கத்தில் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கையுறை, கழுத்தில் தொங்கும் விநாடிக் கடிகாரம் என்று ஓர் அதிகாரி. அட்மிரலின் உதவியாளர் கோஷெலேவ். சோம்காவில் ஏறி நேரம் குறிக்க வந்திருந்தார்.

வெனியூகோவ் உத்தரவைப் படித்தார். அட்மிரலின் கொடிக்கப்பல், இரண்டு கம்பங்கள் நட்டு அளந்த மைலின் நடுவே நங்கூரமிட்டு நிற்கும். ஒவ்வொரு படகும் அதைக் கடக்கும்போது அட்மிரல் வணக்கம் சொல்வார். படகில் உள்ள கடைசி ஆள் வரைக்கும் மேல்தளத்தில் நின்று 'ஊரா' என்று ஜே போட்டுப் பதில் முழங்க வேண்டும். ஒரு தலை குறையக்கூடாது. அட்மிரல் தாமே எண்ணுவார்.

அட்மிரல் பாய்மரக் காலத்து மனிதர். அவர் வாலிபத்தில் கப்பலில் இருந்த எழுநூறு பேரும் பாய்மரக் கம்புகளில் கிளிபோல வரிசையாக ஏறி நின்று முழங்கினார்கள். கப்பல் தானே காற்றில் போய்க்கொண்டிருந்தது, ஆட்கள் எங்கே நின்றால் என்ன! அந்த முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த காது அவருடையது. அதனால் அந்த உத்தரவில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

மற்றவர்கள் கலைந்தபின் லுஸ்கின் நகரவில்லை.

"எசமான், உலைக்காரங்களுமா?"

வெனியூகோவ் பதில் சொல்லுமுன் கோஷெலேவ் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏன் தம்பி, உலைக்காரனுக்குத் தொண்டை இல்லையா?"

"தொண்டை இருக்கு எசமான். ஆனா மூடி திருகியிருக்குமே. காத்தை அடைச்சு ஓட்டும்போது மூடியத் திறந்தா..."

"அரை நிமிஷ வேலை. வந்து கத்திட்டுத் திரும்பி இறங்கு. அடுப்பு ஓடிப் போயிடாது."

லுஸ்கின் தம் தளபதியைப் பார்த்தார். வெனியூகோவ் நல்ல மனிதர். முந்தின நாளே கொடிக்கப்பலுக்குப் போய், உலைக்காரர்களை விட்டுவிடும்படி கேட்டுப் பார்த்து வெறுங்கையோடு வந்தவர். இப்போது காகிதத்தை நாலாக மடித்தார்.

"நான் படிச்சேன், லுஸ்கின். காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு எசமான்."

"கொதிகலன் எப்படி இருக்கு?"

"அவ இன்னைக்கு நல்ல மனசோட இருக்கா எசமான். யாரும் வம்பு பண்ணலன்னா."

"போ" என்றார் வெனியூகோவ்.

அந்த உலையறை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மாட்டுவண்டிக் கூண்டுக்குள் மூன்று பேரையும் ஓர் எரிமலையையும் அடைத்தால் எப்படி இருக்கும், அப்படி. முழுவேகம் வேண்டுமென்றால் மேலே இருக்கிற இரும்பு மூடியை இறக்கித் திருகிவிடுவார்கள். சின்ன இயந்திரம் ஒன்று காற்றாடியைச் சுழற்றி வெளிக்காற்றை உள்ளே திணிக்கும். அந்தக் காற்றுக்குப் போக்கிடம் ஒன்றுதான். உலைக்குள் புகுந்து, தீயை வெளுக்க வெளுக்க எரித்து, குழாய்கள் வழியே புகைபோக்கிக்கு ஏற வேண்டும். காது அடைத்துக்கொள்ளும். பேசினால் பஞ்சுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். இந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் அடைத்த காற்று மேலே பறந்துவிடும். தள்ளுகிற காற்று போனதும் தீ திரும்பி உலைக்கதவு வழியாக மனிதர்களைப் பார்த்து வரும். லுஸ்கினின் இடது காதுமடல் பாதிதான் இருந்தது. லீபாவா துறைமுகத்தில் ஓர் அவசரக்காரன் ஒரே ஒரு தடவை மூடியைத் திறந்ததன் மிச்சம் அது. வெளியிலிருந்தும் அந்தத் திருகுகளைக் கழற்றலாம். உள்ளே ஆள் சிக்கிக்கொண்டால் மேலே இருப்பவர்கள் எடுக்க வேண்டுமே, அதற்காக அப்படி வைத்திருந்தார்கள்.

கீழே இறங்கியதும் தெமீத் கேட்டான்: "மேல போய்க் கத்தணுமாமே, நிஜமா?"

"நீ மேல போனா படகும் பின்னாலயே மேல போயிடும், சொர்க்கத்துக்கு" என்றார் லுஸ்கின். "இங்கேயே நில்லு."

"உத்தரவை மீறினா சவுக்கடி, அண்ணே."

"மீறுறது நான். உனக்கு என்ன வந்துச்சு? நீ கரிய அள்ளு."

மூன்று பேரும் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார்கள். கரிபடிந்து முகமே தெரியாத புனித நிக்கொலாய் படம் ஒன்று மூலையில் தொங்கியது. பிறகு லுஸ்கின் மூடியை இறக்கித் திருகினார்.

காற்றாடி முனக ஆரம்பித்து, பிறகு ஊளையிட்டது. லுஸ்கின் உலைக்கதவுக்குப் பக்கத்தில் ஒரு காலை வைத்து நின்றார். அவருடைய வேலைமுறை எளிது. கதவைத் திறந்தால் குளிர்ந்த காற்று நேராகக் குழாய்களின் வாயில் அடிக்கும், சுருங்கிக் கசியும். அதனால் ஒரு மூச்சு நேரத்துக்கு மேல் கதவு திறந்திருக்கக்கூடாது. மூன்று அள்ளு, ஒன்று இடது மூலை, ஒன்று வலது மூலை, ஒன்று ஆழத்தில். உடனே மூடு.

"திற! ஒண்ணு... ரெண்டு... மூணு. மூடு!"

தெமீத் அள்ளுவான், அவன் பின்வாங்கியதும் அடுத்த திறப்புக்கு ஃபோமா அள்ளுவான். ஓட்ஸ் போட்டுக் கரைத்த தண்ணீரை ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். அழுத்தமானியின் முள் மெல்ல மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டு நின்றது. காலடியில் இரும்பு நடுங்கியது. அந்த நடுக்கம் நடுங்கி நடுங்கி, ஒரு கட்டத்தில் சீராகி, வீணைத் தந்திபோல ஒரே சுருதியில் நின்றது. லுஸ்கினுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாலு வருஷமாக அவள் இப்படிப் பாடியதில்லை.

பேச்சுக்குழாயில் வெனியூகோவின் குரல் வந்தது. "முதல் கம்பத்தைத் தாண்டிட்டோம்! கடிகாரம் ஓடுது! விடாதீங்க!"

"விட மாட்டோம் எசமான்!"

தளபதி முன்பக்கத்துச் சின்ன இரும்புக் கூண்டில், தலை மட்டும் மேலே தெரிய, சுக்கானோடு நின்றார். கண் முன்னாலேயே இருந்ததால் பின்னால் நடப்பது அவருக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் போயிருக்கும். மேல்தளத்துப் பேச்சுக்குழாயில் இன்னொரு குரல் கேட்டது. கோஷெலேவ்.

"உலைக்காரங்க மேல வாங்க! கொடிக்கப்பல் நெருங்குது!"

லுஸ்கின் குழாயில் வாயை வைத்தார். "வர முடியாது எசமான்."

"என்னது?"

"முடியாது எசமான்."

"திற! ஒண்ணு..." என்றார் லுஸ்கின். தெமீத் கதவைத் திறந்து முதல் அள்ளை இடது மூலைக்கு வீசினான். தலைக்கு மேலே கிறீச் என்று ஒரு சத்தம். யாரோ வெளியிலிருந்து திருகைக் கழற்றுகிறார்கள்.

யார் என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒரு மாலுமியும் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டான். படகில் கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும் அந்த மூடியைத் தொடக்கூடாது என்று. வெள்ளைக் கையுறைக்காரருக்கு மட்டும்தான் தெரியாது.

"கதவு! கதவை மூடு!" என்று கத்திக்கொண்டே லுஸ்கின் காலால் உலைக்கதவை உதைத்தார். அதே கணத்தில் மூடி இரண்டு விரல் அளவு எழும்பியது. அடைபட்ட காற்று விசில் அடித்துக்கொண்டு பறந்தது. கதவு சாத்துவதற்குள் தீ ஒரு நாக்கை நீட்டித் தெமீத்தின் முகத்தை நக்கிவிட்டுப் போனது. அவன் "அம்மா!" என்று உட்கார்ந்தான்.

லுஸ்கின் ஏணியில் இரண்டே தாவலில் ஏறி, மூடியின் உள்பக்கத்து வளையத்தை இரண்டு கையாலும் பற்றி, கால்களை ஏணியிலிருந்து எடுத்துவிட்டார். நூறு கிலோவுக்குக் குறையாத மனிதர். மூடி மடார் என்று இறங்கியது. மேலே இருந்தவர் விடவில்லை, மறுபடி இழுத்தார். மூடி ஒரு விரல் ஏறியது.

"எவன்டா உள்ள இழுக்கிறது?"

"லுஸ்கின், எசமான்!"

"விடுடா!"

"விட மாட்டேன் எசமான்! விட்டா பசங்க வெந்துபோவாங்க!"

"உத்தரவுடா இது!"

"உலைக்கு எழுதப்படிக்கத் தெரியாது எசமான்!"

தம் வாயிலிருந்தா அது வந்தது என்று லுஸ்கினே திகைத்துப்போனார். இருபது வருஷச் சேவையில் அதிகாரியிடம் எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. வளையம் கொதித்தது. உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டு தீய்கிற வாடை வந்தது. விட்டால் தீரும் வேதனை. ஆனால் கண்ணுக்கு முன்னால் அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டிலிருந்து ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. அவருக்குக் கயிறும் பீப்பாயும் தண்ணீருக்கு மேலே நின்ற அந்த மூக்கும் நினைவுக்கு வந்தன. உடம்பின் பாரம் முழுவதையும் தொங்கவிட்டார். மூடி அடைந்தது.

"தெமீத்! உசிரோட இருக்கியா?"

"புருவம் போச்சு அண்ணே!"

"புருவம் கரி அள்ளாது. எந்திரி! ஃபோமா, திற! ஒண்ணு..."

ஃபோமா திறந்தான். தொங்கிக்கொண்டே லுஸ்கின் எண்ணினார். "ரெண்டு... வலது மூலை மங்குது, அங்க போடு... மூணு. மூடு!" தெமீத் தள்ளாடி எழுந்து மண்வெட்டியை எடுத்தான். முகம் ஒரு பக்கம் செக்கச்செவேல் என்று இருந்தது. ஆனால் அவன் அள்ளியது குறிதப்பவில்லை. முள் நின்றது. பிறகு ஏறியது.

அப்போது வெகுதூரத்திலிருந்து, தலையணைக்குள் முகம் புதைத்து யாரோ கத்துவதுபோல, ஒரு முழக்கம் இரும்பைத் துளைத்து வந்தது. மேல்தளத்தில் பதின்மூன்று பேர் "ஊரா!" என்கிறார்கள். கொடிக்கப்பலைக் கடக்கிறார்கள்.

"பசங்களா!" என்றார் லுஸ்கின். "நமக்கும்தான் வணக்கம் சொல்லியிருக்கார். பதில் சொல்லுங்கடா!"

வளையத்தில் தொங்கிய ஒருவரும், பாதி முகம் வெந்த ஒருவனும், பேசாத ஒருவனும் அந்த இரும்புப் பெட்டிக்குள் தொண்டை கிழியக் கத்தினார்கள். "ஊரா! ஊரா! ஊரா!" அடைத்த காற்றில் அது அவர்கள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஃபோமாவின் குரல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. சோம்காவில் நாலு வருஷம் பேசாமல் சேர்த்து வைத்தது அல்லவா.

மேலேயிருந்து இழுத்த கை தளர்ந்தது. லுஸ்கின் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கிறீச், கிறீச் என்றது. திருகு மறுபடி இறுகிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, நாலும் இறுகின. அவர் வளையத்தை விட்டுவிட்டுத் தரையில் பொத்தென்று விழுந்தார். ஏன், எதற்கு என்று கேட்க நேரமில்லை.

"திற! ஒண்ணு..."

இரண்டாவது கம்பத்தைத் தாண்டியதும் குழாயில் வெனியூகோவின் குரல் வந்தது. "மூணு நிமிஷம் இருபத்து நாலு" என்றார். "கேட்டீங்களா பசங்களா? இருபத்து நாலு!"

தெமீத் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். லுஸ்கின் கொதிகலனின் தகட்டில், அதிகம் சுடாத ஓர் இடத்தில், நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு மணி நேரத்தில் கொடிக்கப்பலிலிருந்து ஆள் வந்தது. தளபதியும், உலைக்காரர்களின் தலைவனும் உடனே வர வேண்டும்.

கொடிக்கப்பலின் பின்தளம் பால்போல் வெளுத்துக் கிடந்தது. தலைமை மாலுமி லுஸ்கினை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அடப் பாவி, நில்லு!" என்று ஓடிப்போய்ப் பாய்த்துணித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். "இதுமேல நில்லு. அசையாத. உன் கால்ல இருந்து கரி கொட்டினா என் ஆளுங்க ஒரு வாரம் தேய்க்கணும்." லுஸ்கின் அந்தத் துணித் துண்டின்மேல், கோயில் கம்பளத்தின்மேல் நிற்பதுபோல, குதிகால் சேர்த்து நின்றார். கைகளில் கந்தல் சுற்றியிருந்தது.

அட்மிரல் குள்ளமான மனிதர். வெள்ளைத் தாடி. தம்மைச் சுற்றி நின்ற அதிகாரிகளை விலக்கிக்கொண்டு வந்தார்.

"பதின்மூணு தலைதான் எண்ணினேன்" என்றார் வெனியூகோவிடம். "பதினாறு இருக்கணும்."

"தப்பு என்னுடையது, பிரபுவே. நான் தளபதி."

"இல்லைங்க" என்று லுஸ்கினின் வாய் திறந்துகொண்டது. "எசமான் உத்தரவைப் படிச்சார். நான் கேட்டேன். மூடியப் புடிச்சுக்கிட்டுத் தொங்கினது நான்."

"தொங்கினியா?"

"ஆமாங்க பிரபுவே. வேற வழி இல்ல."

அட்மிரலின் முகம் சிவந்தது. "நாப்பத்தாறு வருஷமா கடல்ல இருக்கேன். நான் வணக்கம் சொல்லிப் பதில் சொல்லாத மாலுமிய இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

லுஸ்கின் எல்லாவற்றையும் தாங்கியிருப்பார். சவுக்கையும் தாங்கியிருப்பார். இந்த ஒன்று நெஞ்சில் தைத்தது. "பதில் சொன்னோங்க" என்றார். "நாங்க மூணு பேரும் சொன்னோம், பிரபுவே."

"நான் கேக்கலியே."

நம்புவதற்கு லுஸ்கினின் வாய்ச்சொல்லைத் தவிர என்ன இருக்கிறது? இரும்புக்குள்ளே கத்தியதற்கு யார் சாட்சி?

"நான் கேட்டேன், பிரபுவே."

கோஷெலேவ். அவருடைய வெள்ளைக் கையுறைகள் இரண்டும் கரியும் கிரீஸுமாக இருந்தன. அவற்றை மறைத்துக்கொள்ளவும் இல்லை.

"மூடியத் திறக்க நான்தான் மேல நின்னு இழுத்துக்கிட்டிருந்தேன். இவர் விடல. அப்பத்தான் நீங்க வணக்கம் சொன்னீங்க. பதில் என் பூட்ஸுக்கு அடியிலேருந்து வந்துச்சு. மூணு தடவை." அழுக்கான கையுறையை நீட்டிக் காட்டினார். "திருகை மறுபடியும் நான்தான் இறுக்கினேன். திறந்திருந்தா அந்த மூணு பேருல ஒருத்தன் செத்திருப்பான்னு அப்புறம்தான் எனக்குச் சொன்னாங்க. ஒருத்தன் முகம் வெந்திருக்கு. அது என்னால."

அட்மிரல் அவரைப் பார்த்தார். பிறகு லுஸ்கினின் கந்தல் சுற்றிய கைகளைப் பார்த்தார். நெருங்கி வந்து, துணித் துண்டின் ஓரத்தில் நின்றார்.

"எத்தனை வருஷமா அந்த உலையில இருக்கே?"

"ஒன்பது, பிரபுவே."

"உத்தரவை மீறினதுக்கு மூணு நாள் காவல்."

"பாடுபடறதுல சந்தோஷம், பிரபுவே!" என்று முழங்கினார் லுஸ்கின். பாராட்டுக்குச் சொல்கிற பதில் அது. தண்டனைக்கு யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்த மாதிரி முழக்கத்தை அந்தத் தளம் அன்றைக்குக் கேட்டதில்லை. அதிகாரிகளில் ஒருவர் இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார்.

அட்மிரலின் தாடி அசைந்தது. "இப்பக் கேட்டுச்சு" என்றார். "படகு அணியிலேயே இருக்கும். எழுதிக்கோ கோஷெலேவ். உங்க மூணு பேருக்கும் ஆளுக்கு ரெண்டு கிண்ணம் வோட்கா. எதை முதல்ல எடுத்துக்கிறே, காவலையா, கிண்ணத்தையா?"

"மன்னிக்கணும், பிரபுவே. உலைய இன்னும் அணைக்கல. பசங்க தனியா நிக்கிறாங்க. அதைப் பதமா ஆற விட்டுட்டு வந்துடறேன். சட்டுனு ஆறினா குழாய் விட்டுடும். அப்புறம் நீங்க எதைக் குடுத்தாலும் சரி."

"போ" என்றார் அட்மிரல். லுஸ்கின் திரும்பும்போது துணித் துண்டை மறந்து வெள்ளைத் தளத்தில் கால் வைத்துவிட்டார். பளபளத்த பலகையில் கறுப்பாக ஒரு முழுப் பாதம் பதிந்தது. தலைமை மாலுமி பல்லைக் கடித்தார். அட்மிரலும் அதைப் பார்த்தார்.

மறுநாள் காலை எல்லாப் படகுகளிலும் புது உத்தரவு படிக்கப்பட்டது. காற்றை அடைத்து ஓடும் படகுகளில் உலைக்காரர்கள் தம் இடத்திலேயே நின்று பதில் முழங்குவார்கள், அவர்கள் தலைகளும் எண்ணிக்கையில் சேரும். காவலில் இருந்த லுஸ்கினிடம் இதைச் சொல்லத் தெமீத் ஓடி வந்தான். முகத்தில் பாதிக்கு மருந்துக் கட்டு, வாயில் வோட்கா வாடை.

"எல்லாப் படகுலயும், அண்ணே! எல்லா உலைக்காரனும் நம்ம பேரைத்தான் சொல்றான். ஃபோமாகூடப் பேசறான்!"

"என்ன பேசினான்?"

"'நல்லதுதான்'னான்."

லுஸ்கின் சிரித்தார். "குழாய் எப்படி இருக்கு?"

"கசியுது. நாளைக்கு அணி புறப்படுது. நீங்க இல்லாம நான்தான் உலையப் பாக்கணுமாம்."

"மூணு அள்ளு. ஒரு மூச்சு. மறந்துடாத."

மூன்றாம் நாள் காலையில் படகுகள் இரண்டு வரிசையாகப் புறப்பட்டன. காவல் வைத்திருந்த பழைய கப்பலின் வட்ட ஜன்னலில் லுஸ்கின் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒல்லியான முதுகுகள் நீரைக் கிழித்துக்கொண்டு போயின. நாலாவதாகச் சோம்கா வந்தாள். வந்தவள், சரியாக அந்த ஜன்னலுக்கு நேராக வந்தபோது, புகைபோக்கியிலிருந்து ஒரு வண்டி கறுப்புப் புகையைக் கக்கினாள்.

"கதவ மூடுடா!" என்று லுஸ்கின் கண்ணாடியில் அடித்தார். "எவ்வளவு நேரம்டா திறந்து வைப்ப, ஆணி அடிக்கிற பயலே! மூடு!"

கதவுக்கு வெளியே நின்ற காவல்காரன் எட்டிப் பார்த்தான். "என்னய்யா, யாரைத் திட்டுறே? எது உன் படகு?"

லுஸ்கின் நிமிர்ந்தார். கட்டுப் போட்ட கையை நீட்டிக் காட்டினார்.

"அதோ, கறுப்பா புகை விட்டுக்கிட்டுப் போகுதே, அதான்."

"ஐயய்ய" என்று சிரித்தான் காவல்காரன்.

"சிரிக்காத. அந்தத் தீவு தாண்டட்டும், அவன் கை பழகிடும். அப்புறம் பாரு அவளை."

காவல்காரனும் வந்து ஜன்னலில் இடம் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.